வழிப்போக்கனுக்கு ஒரு பிடி சோறு

பயணம் போன இடங்களைப் பற்றி எழுதியவர்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். போகிற வழியில் எங்கே இருந்து சாப்பிட்டோம், யார் பரிமாறினார்கள், எந்தப் பாத்திரத்தில் தந்தார்கள் என்று எழுதியவர்களோ மிகச் சிலர். கோவிலையும் கோட்டையையும் குளக்கட்டையும் பக்கம் பக்கமாக வர்ணிக்கிற பேனா, சாப்பாட்டுக் கடை வாசலுக்கு வந்ததும் ஏனோ மை வற்றிப் போகிறது. ஆனால் நேயர்களே, ஒரு நாட்டின் தெருக்களிலே வழிப்போக்கன் எப்படிப் பசியாறினான் என்று தேடிப் பார்த்தால், அந்த நாட்டில் யார் யாரோடு பந்தியில் இருந்தார்கள், யார் யாரைத் தள்ளி வைத்தார்கள் என்ற கதையும் கூடவே வந்துவிடுகிறது. வீட்டிலே நமக்கு வேண்டியவர்களை மட்டும் கூப்பிட்டு இலை போடலாம். தெருவிலே அது நடவாது. முன்பின் அறியாத ஒருவன் வந்து நிற்பான். அவனுக்குப் பசி. அவன் இன்னான் என்பது நமக்குத் தெரியாது.

இந்தச் சங்கடத்தை மிகத் துல்லியமாகக் குறித்து வைத்தவர் மொரோக்கோ நாட்டிலிருந்து புறப்பட்டு உலகத்தின் பெரும்பகுதியைச் சுற்றி வந்த இப்னு பதூதா. 1340களில் அவர் மலையாளக் கரையோரமாகப் பயணம் செய்தார். அந்தப் பாதை முழுவதும் மர நிழல் என்கிறார். அரை மைலுக்கு ஒரு மரவீடு. உள்ளே வழிப்போக்கர் இருந்து இளைப்பாறத் திண்ணைகள். பக்கத்திலே ஒரு கிணறு. தண்ணீர் வார்க்க ஓர் ஆள். இவ்வளவும் நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த ஆள் தன் சமயத்தவன் வந்தால் பாத்திரத்தில் தண்ணீர் கொடுப்பான். முஸ்லிம் வந்தால் கையை ஏந்தச் சொல்லி ஊற்றுவான். முஸ்லிம்கள் குடியிருக்காத ஊர்களில் அவர்களுக்கு உணவு சமைத்துக் கொடுப்பார்கள், வாழையிலையில் வைத்துக் குழம்பும் ஊற்றுவார்கள். மிஞ்சியதை நாயும் பறவையும் தின்னும். தவறிப்போய் வீட்டுப் பாத்திரத்தில் கொடுத்துவிட்டால், அந்தப் பாத்திரம் உடைக்கப்படும், அல்லது சாப்பிட்டவனுக்கே கொடுக்கப்பட்டுவிடும்.

இப்னு பதூதாவுக்கு இதில் பெரிய மனத்தாங்கல் இருந்ததாகத் தெரியவில்லை. கண்டதை எழுதிவிட்டுப் போகிறார். ஆனால் 1344 இல் இலங்கைக்கு வந்து, ஆரியச் சக்கரவர்த்தியிடம் விடைபெற்றுச் சிவனொளிபாத மலைக்குப் போகும்போது, ஒரு வித்தியாசத்தைக் கவனிக்கிறார். இங்குள்ளவர்கள் முஸ்லிம் பக்கிரிகளை மதித்து வீட்டில் தங்கவைத்து உணவும் கொடுக்கிறார்கள், இந்தியாவில் கண்ட வழக்கத்துக்கு இது மாறானது என்பது அவர் குறிப்பு. கடலைக் கடந்து வந்ததும் வழக்கம் மாறியிருப்பது அவருடைய கண்ணில் பட்டுவிட்டது. இன்னொரு செய்தியும் உண்டு. மன்னன் அவருக்குப் பல்லக்கும், துணைக்கு யோகிகளையும் பிராமணர்களையும் தந்ததோடு, உணவுப் பொருட்களைச் சுமக்க மட்டும் 15 பேரைக் கொடுத்தான். வழியில் தண்ணீருக்குக் குறைவில்லை. ஆனால் காசு கொடுத்துச் சோறு வாங்கும் கடை என்று ஒன்று அந்தக் காலத்து வழியில் இருக்கவில்லை என்பதற்கு அந்தப் பதினைந்து தோள்களே சாட்சி.

சோறு காசுக்கு விற்கப்படாத காலத்தில் அது தருமமாகக் கொடுக்கப்பட்டது. தமிழகத்தில் இதற்கென்று சத்திரங்கள் எழுந்தன. தஞ்சாவூரிலிருந்து இராமேசுவரம் போகும் வழியில் மராட்டிய மன்னர்கள் கட்டிய சத்திரங்கள் பெயர் பெற்றவை; யாழ்ப்பாணத்துப் பக்தர்களும் கடல் கடந்து போய் நடந்த சேது யாத்திரைப் பாதை அது. 1801 இல் சரபோஜி மன்னர் ஆங்கிலேய அதிகாரிக்கு எழுதிய கடிதம் ஒன்றில் அந்தச் சத்திரங்கள் நடந்த விதத்தைச் சொல்லுகிறார். பிராமணர் முதல் பறையர் வரை வருகிற எல்லோருக்கும் சோறு போடப்படுகிறது. சமைத்த சோற்றை உண்ண விரும்பாதவர்களுக்கு அரிசியாகவே, சரக்குச் சாமான்களோடு அளந்து கொடுக்கப்படுகிறது. நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர்கள் இருந்தால் வரலாம் என்று கூவி அழைக்கிறார்கள்.

நள்ளிரவு மணியைப் படிக்கும்போது மனம் நெகிழ்கிறது. ஆனால் அந்த அரிசியையும் கவனிக்கவேண்டும். சமைத்ததை ஏன் ஒருவர் வேண்டாம் என்கிறார்? சமைத்த கை யாருடையது என்பதுதான் காரணம். அரிசிக்குத் தீட்டு இல்லை, சோற்றுக்கு உண்டு. எல்லோருக்கும் உணவு என்ற பெரிய மனமும், எல்லோருக்கும் ஒரே பானை அல்ல என்ற சின்ன மனமும் ஒரே கூரையின் கீழே ஒன்றையொன்று முகம் பாராமல் வாழ்ந்திருக்கின்றன.

யாழ்ப்பாணத்தில் சத்திரத்தின் இடத்தில் இருந்தது மடம். கந்தர்மடம், ஆறுகால்மடம், ஓட்டுமடம் என்று இன்றும் நாம் பஸ்ஸில் இறங்குகிற இடங்களின் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள். வழிப்போக்கர் மடங்கள் ஊர்ப் பெயர்களாகவே நிலைத்துவிட்டன. மடத்தோடு கிணறும், தலைச்சுமையை ஒருவர் துணையின்றி இறக்கி வைக்கச் சுமைதாங்கியும், மாடுகள் உடம்பைத் தேய்த்துக்கொள்ள ஆவுரஞ்சிக் கல்லும் இருக்கும். மாட்டின் முதுகு அரிப்பைக்கூட நினைத்துப் பார்த்தவர்கள் நம் முன்னோர். வீட்டு வாசலிலே சங்கடப்படலை வைப்பதும் இந்த எண்ணத்தில்தான். படலைக்கு மேலே ஒரு சின்னக் கூரை, இரு புறமும் திண்ணை, பானையில் தண்ணீர். தெருவால் போகிறவன் வெயிலுக்கு ஒதுங்கலாம், மழைக்கு ஒதுங்கலாம், வீட்டுக்காரரைக் கேட்கத் தேவையில்லை. ஆனால் இவை எல்லாருக்கும் ஒன்றுபோலத் திறந்திருந்தன என்று சொல்ல நமக்கு நாக்கு வராது. நல்ல தண்ணீர்க் கிணற்றிலே அள்ளிக் குடிக்க முடியாமல், யாராவது வந்து ஊற்றுவார்களா என்று காத்து நின்ற மக்களும் அதே யாழ்ப்பாணத்திலேதான் வாழ்ந்தார்கள்.

தெற்கே சிங்கள ஊர்களில் மடத்துக்குச் சமமானது அம்பலம. கடுகண்ணாவைக் கணவாயிலே கண்டி வீதியோரம் நிற்கும் அம்பலமவைப் பஸ்ஸில் போகிற எவரும் பார்க்கலாம். குருநாகல் மாவட்டத்துப் பனாவிட்டிய அம்பலமவின் மரத்தூண்களிலே செதுக்கியிருக்கும் வேலைப்பாடு, வழிப்போக்கன் தங்குகிற இடத்துக்கு இத்தனை அழகு வேண்டுமா என்று வியக்க வைப்பது. அம்பலமவில் சமையற்காரன் கிடையாது. வருகிறவன் கட்டுச்சோற்றை அவிழ்ப்பான், அல்லது மூன்று கல்லை வைத்துத் தானே உலை ஏற்றுவான். ஊரார் புண்ணியத்துக்கு வைத்த ‘பின் தாலிய’ என்ற தண்ணீர்ப் பானை மட்டும் தெருவோரத்தில் இருக்கும்.

கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ 20 ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ் 1681 இல் வெளியிட்ட நூலில் இந்த அம்பலமக்களைச் சொல்லுகிறார். வழிப்போக்கருக்கென்று கட்டிய அந்த இடங்களில் ஊரார் ஓய்ந்த நேரம் கூடி, வெற்றிலை மென்றுகொண்டு, ஒருவரையொருவர் வெகு கம்பீரமாகப் பார்த்தபடி அரண்மனைச் சங்கதிகளைக் கதைப்பார்களாம். பத்திரிகை இல்லாத காலத்துப் பத்திரிகை அலுவலகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நொக்ஸ் 1679 இல் தப்பி ஓடியபோது, சில்லறை வியாபாரி போல நடந்து அனுராதபுரப் பக்கம் வந்தார். எங்கே போகிறாய் என்று அதிகாரி கேட்டதற்கு அவர் சொன்ன சாட்டு, மான் வற்றல் வாங்க வந்தேன் என்பது. வழிச் சாப்பாட்டின் பெயரைச் சொல்லி உயிர் தப்பிய மனிதர் அவர். அருவியாற்றங்கரையோரமாகக் காட்டுக்குள்ளால் நடந்து, அரிப்புக் கோட்டையில் ஒல்லாந்தரிடம் போய்ச் சேர்ந்தார்.

நொக்ஸ் உயிர் தப்பிப் போய்ச் சேர்ந்த அதே மன்னார்க் கரையில், நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகு வேறு மனிதர்கள் வந்து இறங்கினார்கள். கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர்கள் அவர்கள். தலைமன்னாரிலும் அரிப்பிலும் தோணியால் இறங்கி, வறண்ட காட்டுக்குள்ளால் மாத்தளை வரை நூறு மைலுக்கும் மேலே நடந்தார்கள். இந்தத் தீவின் வழிச் சாப்பாட்டுக் கதைகளில் மிகத் துயரமானது இதுதான் என்பது என் எண்ணம். மூட்டையிலே அரிசி, ஒரு மண்சட்டி, கண்ட இடத்துக் குட்டைத் தண்ணீர். தண்ணீரிலே வாந்திபேதி இருந்தது. வழியோரத்திலே செத்தவர்களை அடக்கம் செய்யவும் ஆளில்லாமல் மற்றவர்கள் நடந்தார்கள். பிற்காலத்தில் அரசாங்கம் அந்தப் பாதையில் கொட்டகைகளும் கிணறுகளும் அமைத்தது. நடந்து வந்தவர்களுக்குக் கங்காணி கொடுத்த முற்பணமும் வழிச்செலவும் கடனாக எழுதப்பட்டன. மடத்திலே தருமமாகக் கிடைத்த ஒரு பிடி சோறு, இந்தப் பாதையிலே தோட்டத்துக்குப் போய்ச் சேருமுன்பே கணக்கில் ஏறிவிட்டது. 1914 இல் தலைமன்னாருக்குப் புகையிரதப் பாதை திறக்கும்வரை பல தலைமுறைகள் கண்ட காட்சி இது. இன்று அந்தப் பாதையில் வாகனத்தில் போகிறவர்களுக்கு இவற்றில் ஒன்றும் தெரிவதில்லை.

அதே ஆட்சியின் இன்னொரு முகம் வாடிவீடு. ஆளுநர் எட்வேட் பார்ன்ஸ் காலத்தில், 1820களில், கப்டன் டோசன் முன்னின்று கொழும்பு கண்டி வீதியை வெட்டினார். வீதி வந்ததும் அதிகாரிகள் தங்கிச் சாப்பிட ஓர் இடம் வேண்டியிருந்தது. அம்பேபுஸ்ஸவில் 1828 இல் கட்டிய வாடிவீடு இந்நாட்டின் மிகப் பழையது என்று சொல்லப்படுவது. 1832 இல் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே குதிரை பூட்டிய தபால் வண்டி ஓடத் தொடங்கியது. வாடிவீட்டுக்கு ஓர் இலட்சணம் உண்டு. ஆற்றங்கரையோ, குளக்கட்டோ, கடல் முகமோ பார்த்துத்தான் கட்டியிருப்பார்கள். பொலன்னறுவையிலே பராக்கிரம சமுத்திரத்தைப் பார்த்தபடி. களனி ஆற்றைப் பார்த்தபடி கித்துல்கலையில். ஆனையிறவிலே ஒல்லாந்தர் காலத்துச் சிறு கோட்டையே கடலேரியைப் பார்த்தபடி வாடிவீடாக இருந்தது. இடத்தைத் தெரிவு செய்த துரைமாரின் கண்ணைக் குறை சொல்ல முடியாது.

சாப்பாடு வேறு விஷயம். இந்தியாவிலே இதற்குச் சமமான டாக் பங்களாக்களில் பரிமாறிய கோழிக்கு ஆங்கிலேயர் வைத்த பட்டப்பெயர் ‘திடீர் மரணம்’ என்பது. 1886 இல் வெளிவந்த ‘ஹொப்சன் ஜொப்சன்’ என்னும் ஆங்கிலோ இந்தியச் சொல்லகராதியில் இது முறையாகப் பதிவாகியிருக்கிறது. துரை வாசலில் நுழையும்போது முற்றத்தில் மேய்ந்து கொண்டிருந்த கோழி, அவர் குளித்து உடுப்பு மாற்றிக்கொண்டு வருமுன் மேசைக்கு வந்துவிடும். நம்முடைய வாடிவீட்டுக் கோழிகளுக்கும் தலையெழுத்து வேறாக இருந்திருக்க முடியாது. மேசையில் இருந்தவர் துரை. வண்டிக்காரனும் சுமைகாரனும் பின்பக்கத்துக் குசினியைச் சுற்றி எங்கேயாவது இருந்து சாப்பிட்டிருப்பார்கள். சாய்மனைக் கதிரை முன் விறாந்தையில் இருந்தது. அதில் யார் சாயலாம் என்பதை எழுதி ஒட்டவேண்டிய தேவை இருக்கவில்லை. 1867 இல் கண்டிக்குப் புகையிரதம் போனபின் வாடிவீடுகள் கொஞ்சம் உறங்கின. மோட்டார் வண்டிகள் வந்து அவற்றை மறுபடி எழுப்பின.

சாதாரண சனங்களுக்கு வந்தது தேத்தண்ணிக் கடை. உண்மையில் நம்முடைய வீதிகளின் வரலாற்றில் பெரிய புரட்சி என்று நான் கருதுவது தார் ரோட்டை அல்ல, தேத்தண்ணிக் கடையைத்தான். காசைக் கொடு, வாங்கிலே இரு, குடி, எழுந்து போ. நீ யாரென்று கடைக்காரன் கேட்கத் தேவையில்லை. காசுக்குச் சாதி கிடையாது என்று கணக்குப் பாடம் சொல்லும். கணக்குப் பாடம் சொன்னதை யாழ்ப்பாணத்துத் தேத்தண்ணிக் கடை கேட்கவில்லை. வேண்டியவர்களுக்கு மூக்குப்பேணி அல்லது கிளாஸ். ஒடுக்கப்பட்ட மக்களுக்குச் சிரட்டை, அல்லது போத்தல், அதுவும் கடைக்கு வெளியே நிற்கவைத்து. மூக்குப்பேணி வாய் படாமல் அண்ணாந்து குடிப்பதற்கென்றே செய்யப்பட்ட பாத்திரம். அதைக்கூடத் தர மனம் வரவில்லை. காசு மட்டும் கையிலிருந்து கைக்கு மாறியது. அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னே மலையாளக் கரையிலே கையை ஏந்தச் சொல்லி ஊற்றியவனை இப்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

1950களில் சிறுபான்மைத் தமிழர் மகாசபை இதை எதிர்த்து நின்றது. 1957 இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. சாதியின் பெயரால் ஒருவரைக் கடையிலே ஏற்க மறுப்பது அன்றிலிருந்து குற்றம். சட்டம் கொழும்பில் நிறைவேறியது. வாங்கு யாழ்ப்பாணத்தில் கிடந்தது. இரண்டுக்கும் இடையிலே இன்னும் பத்து ஆண்டுகள் தேவைப்பட்டன. 1966 ஒக்டோபர் 21 இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் புறப்பட்ட ஊர்வலமும், அதைத் தொடர்ந்து சங்கானை, நெல்லியடி போன்ற இடங்களில் நடந்த தேநீர்க் கடைப் போராட்டங்களும் நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். ஒரு கிளாஸ் தேத்தண்ணிக்காக மனிதர் அடிபட்டார்கள். சில உயிர்களும் போயின. கே. டானியலின் ‘பஞ்சமர்’ நாவல் 1972 இல் வந்தது இந்தப் பின்னணியில்தான். வரலாற்று நூல்கள் ஒரு வரியில் முடிக்கிற விஷயத்தை நமது எழுத்தாளர்கள் விட்டுவிடாமல் எழுதி வைத்ததற்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

1958 ஜனவரியில் பஸ்கள் எல்லாம் அரசின் போக்குவரத்துச் சபையின் கீழ் வந்தன. தூரப் பயணம் மலிவாயிற்று. இரவு பஸ் நிற்கும் ஊர்களிலே சாப்பாட்டுக் கடைகள் பெருகின. சாரதி நிறுத்துகிற கடைதான் பயணிகளின் கடை. சாரதிக்கும் நடத்துநருக்கும் தனி மேசை, தனிக் கவனிப்பு, பில் கிடையாது. நமக்கோ ஆறிய ரொட்டியும் அவசரமும். இருந்தாலும் அந்தக் கடைகளிலே ஒரு விசேஷம் இருந்தது. முஸ்லிம் கடையில் ரொட்டி வீச, சிங்களக் குடியானவனும் யாழ்ப்பாணத்து எழுதுவினைஞரும் தோட்டத்துத் தொழிலாளியும் ஒரே வாங்கில் முழங்கை இடிபட இருந்து, ஒரே சம்பல் கோப்பையை ஆளுக்கு ஆள் தள்ளிக்கொண்டு சாப்பிட்டார்கள். யாரும் இதற்குச் சட்டம் போடவில்லை. பஸ் பதினைந்து நிமிடம்தான் நிற்கும் என்பதே சட்டமாக இருந்தது.

1983 ஜூலையில் தெற்கிலே தமிழர்களின் கடைகள் எரிந்தபோது சாப்பாட்டுக் கடைகளும் எரிந்தன. அதன் பிறகு, எந்த ஊரிலே பஸ்ஸை விட்டு இறங்கலாம், எந்தக் கடையிலே வாய் திறந்து தமிழில் தேத்தண்ணி கேட்கலாம் என்று யோசித்துப் பயணம் செய்த காலம் வந்தது. 1990 க்குப் பின்னர் கண்டி வீதியால் யாழ்ப்பாணம் போக முடியவில்லை. கொம்படி ஊரியான் வெளியாலும், பின்னர் கிளாலிக் கடலேரியில் இரவிலே படகாலும் போனவர்கள் மடியிலே பாணையும் தண்ணீர்ப் போத்தலையும் கட்டிக்கொண்டு போனார்கள். இப்னு பதூதாவுக்காவது உணவு சுமக்கப் பதினைந்து பேர் இருந்தார்கள்.

வீதி 2002 இல் திறந்தது. 2006 ஆகஸ்டில் மறுபடி மூடியது. 2009 இல் யுத்தம் முடிந்து மீண்டும் திறந்தது. திறந்தபோது வன்னியில் வழியோரக் கடை என்று மிஞ்சியவை சொற்பம். படையினர் நடத்திய சிற்றுண்டிச்சாலைகள் அந்த இடத்தைப் பிடித்தன. தெற்கிலிருந்து யாத்திரை வந்தவர்கள் அங்கே இறங்கித் தேநீர் குடித்தார்கள். இடிந்த தம் வீட்டைப் பார்க்க வந்தவர்களும் அதே கடையிலே குடித்தார்கள், அல்லது குடியாமல் போனார்கள்.

மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையே முறிகண்டிப் பிள்ளையார் இருக்கிறார். மிகச் சின்னக் கோவில். ஆனால் அவரைத் தாண்டி நிற்காமல் போகிற வாகனம் குறைவு. லொறிக்காரர், பஸ்காரர், கார்க்காரர் எல்லாரும் இறங்கித் தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, உண்டியலில் ஒரு காசு போட்டுவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்கள். சைவர்கள் மட்டும் என்று நினைக்கவேண்டாம்; ஸ்டியறிங்கைப் பிடித்தவருக்கு அந்த இடத்திலே சமய பேதம் குறைவு. வீதியோரத்திலே வரிசையாகக் கச்சான் கடைகள். அநேகமாகப் பெண்கள்தான் விற்பவர்கள். கச்சானுக்குப் பேணியும் வேண்டாம், கிளாசும் வேண்டாம், இலையும் வேண்டாம். கடதாசிப் பையிலே அளந்து போடுவார்கள். சூடு கைக்குத் தெரியும். பஸ் புறப்பட்டு ஐந்து நிமிடத்தில் பை பக்கத்து ஆசனத்துக்குப் போகும், அங்கிருந்து முன் ஆசனத்துக்குப் போகும். பஸ் ஆனையிறவைத் தாண்டும்போது பையிலே கச்சான் இராது, காலடியெல்லாம் கோது.